பதிவேடு உள்ளே இருக்கிறது

ஜூன் மாதம் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை. விடியற்காலையில் தொடங்கிய தூறல் பத்து மணிக்கும் விடவில்லை, காற்று இல்லை, வானம் கழுவாத பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது. அன்று முற்பகலில் நான் மின்தூக்கிப் பராமரிப்பு வாரியத்தில் ஆவணக் காப்பாளராகப் பணியில் சேர்ந்தேன். அன்று பிற்பகலில் தொழில்நுட்பவியலாளர் ஆனேன். இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையில் நான் ஆற்றிய ஒரே தொழில்நுட்பப் பணி, நனைந்த குடையை மடக்கி மூலையில் சாய்த்ததாகும்.

கல்லூரியில் நான் பயின்றது வரலாறு. பழைய கோப்புகளைக் கால வரிசைப்படி அடுக்குவதற்கு வரலாறு படித்த ஒருவர் தேவை என்று வாரியம் விளம்பரம் செய்திருந்தது. நான் மூன்று கோப்புகளைத் தூசி தட்டி முடிப்பதற்குள் கண்காணிப்பாளர் ஒரு சுற்றறிக்கையுடன் வந்து நின்றார்.

"இன்னையிலேருந்து வாரியத்துல எல்லாரும் டெக்னிக்கல். நீங்களும்தான்."

"சார், நான் ஹிஸ்டரி."

"அதனால என்னம்மா? டீ போடறவர்கூட மதியத்துலேருந்து டெக்னிக்கல்தான். மேல இருந்து வந்த ஆர்டர்."

"அப்ப இந்தக் கோப்பெல்லாம் யாரு சார் அடுக்குறது?"

"அதுக்குத்தான் மெக்கானிக்குங்க இருக்காங்களே."

அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. மின்தூக்கிகளின் உள்ளும் புறமும் அறிந்த ஏழு மெக்கானிக்குகள் வாரியத்தில் இருந்தனர். அவர்களுடைய திறமையைப் பாராட்டி எழுவருக்கும் பதவி உயர்வு அளிக்கப்பட்டிருந்தது. பதவி உயர்வு பெற்றவர் கருவிகளைத் தொடலாகாது என்பது விதி. ஆகவே அவர்கள் சலவைச் சட்டை அணிந்து, அடுத்த அறையில் கோப்புகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தனர்.

பயிற்சி பதினான்கு நாட்கள் நடைபெற்றது. வாரியத்தின் கட்டடம் ஒரே தளம் உடையது. ஆதலால் அதில் மின்தூக்கி கிடையாது. கரும்பலகையில் ஒரு பெட்டியும் பெட்டிக்கு மேல் ஒரு கோடும் வரையப்பட்டன. பெட்டி மின்தூக்கி எனவும், கோடு கயிறு எனவும் கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டோம். என்னுடன் தாவரவியல் படித்த ஒருவரும் தத்துவம் படித்த ஒருவரும் பயின்றனர். தத்துவம் படித்தவர், கோடு உண்மையிலேயே இருக்கிறதா என்று மூன்றாம் நாள் வினவியதால் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார்.

நிறைவு நாளில் தலைமைப் பொறியாளர் உரையாற்றினார். அகன்ற முகமும் மெல்லிய குரலும் கொண்ட அவர், மேசையின் விளிம்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு பேசும் வழக்கம் உடையவர்.

"முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு லிப்டைக்கூடத் திறந்து பாத்ததில்ல. ஏன்? திறந்தா பழுது தெரியும். தெரிஞ்சா எழுதணும். எழுதினா எண்ணிக்கை கூடும். கூடினா என்ன அர்த்தம்? பராமரிப்பு சரியில்லைன்னு அர்த்தம். அப்ப நல்ல பராமரிப்புன்னா என்ன? நீங்களே சொல்லுங்க பாப்போம்."

"திறக்காம இருக்கறது சார்" என்றார் தாவரவியல்.

"இவருக்குப் பெரிய எதிர்காலம் இருக்கு" என்றார் தலைமைப் பொறியாளர்.

பின்னர் எங்களுக்கு அடையாள அட்டை வழங்கப்பட்டது. திருப்புளி வழங்கப்படவில்லை; காட்டப்பட்டது. தலைமைப் பொறியாளரின் அறையில் கண்ணாடிப் பேழைக்குள் அது பூட்டி வைக்கப்பட்டிருந்தது.

இவ்விடத்தில் பதினான்காம் விதியை விளக்குவது இன்றியமையாதது. ஒவ்வொரு மின்தூக்கிக்கும் ஒரு பதிவேடு உண்டு. பழுது ஏற்பட்டால் அதனை அப்பதிவேட்டில் மட்டுமே எழுத வேண்டும். வேறெங்கு எழுதினாலும் அது பழுதாகக் கருதப்பட மாட்டாது. பதிவேடு தொலைந்துவிடக் கூடாது என்பதால், அது எப்போதும் மின்தூக்கியின் உள்ளேயே, கூண்டின் சுவரில் பொருத்திய தகரப் பையில் இருக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் வெளியே எடுத்துச் செல்லலாகாது.

என் பொறுப்பில் விடப்பட்டது பொது மருத்துவமனையின் மின்தூக்கி. ஜூலை பதினான்காம் நாள் காலையில் அது இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் இடையே நின்றுபோனது. உள்ளே மனிதர் எவரும் இல்லை. பதிவேடு இருந்தது.

என் தந்தைக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்திருந்தன. திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாட்களிலும் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அவருக்கு டயாலிசிஸ். டயாலிசிஸ் பிரிவு நான்காம் தளத்தில் இருந்தது. கீழிருந்து அங்குச் செல்ல எண்பத்தெட்டுப் படிகள். அப்பா முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். நோயினால் கால்கள் வீங்கி நடை போன பின்னும் உடற்கனம் குறையாதவர். அக்காவின் கணவர் தையல்காரர். அத்தான் சக்கர நாற்காலியின் முன்சட்டத்தையும், நான் அதன் முதுகுச் சட்டத்தையும் பற்றிக்கொண்டு அவரைத் தூக்கிச் சென்றோம். ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம்.

"முப்பது வருஷம் லோடு ஏத்தினேன். இப்ப நானே லோடு" என்றார் அப்பா. "மாப்பிள்ளை, ரிவர்ஸ் எடுக்கும்போது பாத்து எடுங்க."

"பேசாம வாங்க மாமா. சிரிச்சா கை நழுவுது."

"என்ன சரித்திரம்," என்று என் பக்கம் தலையைத் திருப்புவார். நான் பட்டம் பெற்ற நாள் முதல் அவர் எனக்கு இட்ட பெயர் அது. "உங்க ஆபீஸ்ல லிப்டத்தான பாக்குறீங்க? இல்ல, படிக்கட்டையா?"

கீழ்த்தளத்தில், அசையாத மின்தூக்கியின் வாசலில், லிப்ட்மேன் ஒரு முக்காலியில் அமர்ந்திருந்தார். நீலச் சீருடை, இடுப்பில் சாவிக் கொத்து. வருகின்ற ஒவ்வொருவரிடமும், "இப்ப ஓடாதுங்க" என்று எழுந்து நின்று பணிவுடன் கூறுவது அவருடைய பணியாயிற்று.

"எழுதிக் குடுத்தீங்களாண்ணே?" என்று முதல் நாளே கேட்டேன்.

"எதுல எழுதறது? நோட்டு உள்ள இருக்குதும்மா."

"வேற பேப்பர்ல?"

"குடுத்தேனே. அது பழுது இல்லையாம், கடிதமாம். கடிதப் பிரிவுக்குப் போயிருக்கு."

நான் கண்காணிப்பாளரிடம் சென்றேன். அவர் என்னைக் கனிவுடன் அமர்த்திப் பேசினார்.

"பதிவேட்டுல இருக்கா?"

"பதிவேடு உள்ள மாட்டிக்கிச்சு சார்."

"அப்ப எடுத்து எழுதுங்க."

"எடுக்கணும்னா லிப்ட் ஓடணும்."

"ஓடணும்னா பழுது பாக்கணும். பழுது பாக்கணும்னா பதிவேட்டுல இருக்கணும்." அவர் விரலால் மேசையில் ஒரு வட்டம் வரைந்தார். வட்டம் சேர்ந்த இடத்தில் விரலை நிறுத்தி, மனநிறைவோடு என்னைப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு."

அம்மாத அறிக்கையில் மருத்துவமனை மின்தூக்கியின் பழுதுகள்: இல்லை. அடுத்த மாத அறிக்கையிலும்: இல்லை.

என் மேசைக்கு அருகிலிருந்த அலமாரியின் ஒரு கால் குட்டை. அதற்கு முட்டுக் கொடுத்திருந்த தடித்த நூலை ஒருநாள் உருவிப் பார்த்தேன். அது அம்மின்தூக்கியின் செயல்முறை விளக்க நூல். தூக்கி எறியாமல் ஏன் படித்தேன் என்று கேட்டால், சினத்தினால் படித்தேன் என்பதே விடை. முதல் இருபது பக்கங்கள் விளங்கவில்லை. மறுபடியும் படித்தேன். போர்களுக்கான காரணங்களை வரிசைப்படுத்தி மனப்பாடம் செய்த மூளைக்கு, ஒரு பெட்டி நிற்பதற்கான காரணங்களை வரிசைப்படுத்துவது அப்படியொன்றும் அரிதாக இல்லை. ஒவ்வொரு தளத்தின் கதவிலும் ஒரு சிறு உலோகத் தொடுப்பு உண்டு. கதவு முழுமையாக மூடி அத்தொடுப்பு சேர்ந்தால்தான் மின்தூக்கி நகரும். மூன்றாம் தளக் கதவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருப்பதை, அப்பாவை இறக்கி வைத்து மூச்சு வாங்கும்போதெல்லாம் நான் பார்த்திருந்தேன். அது பன்னிரண்டு நிமிட வேலை என்று நூல் கூறியது.

அப்பாவுக்குப் பக்கத்துப் படுக்கையில் ஓர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் சிகிச்சை பெற்று வந்தார். தனியாக வருபவர், தூக்கிச் செல்ல ஆள் கிடையாது. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, ஒரு படிக்கு இரு காலையும் வைத்து, தாமாகவே ஏறுவார். அதற்காகப் பத்து மணிக்கே வந்துவிடுவார்.

"இன்னைக்கு ஒன்னேகால் மணி நேரம்" என்று அப்பாவிடம் சொல்லுவார். "போன வாரத்தைவிட ஏழு நிமிஷம் அதிகம். இந்தக் கணக்கு எங்க போய் முடியும்னு எனக்குத் தெரியும் சார்."

"டீச்சர், நீங்க கணக்குல எப்பவும் தப்பே பண்ண மாட்டீங்களா?" என்றார் அப்பா.

செப்டம்பர் முதல் வாரத்தில் அவர் மூன்றாம் தளத்துப் படியில் அமர்ந்து, ஏறாமல் திரும்பிச் சென்றார். அதன் பின் வரவில்லை. இரண்டு வாரம் கழித்துப் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்த நர்ஸிடம் அப்பா விசாரித்தார்.

"அவங்க இனிமே வர மாட்டாங்க ஐயா" என்றார் நர்ஸ்.

அன்று திரும்பி இறங்கும்போது அப்பா படிகளை எண்ணிக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் நாற்காலியை இறக்கியதும், "போதும்மா" என்றார். "மாப்பிள்ளைக்கு முதுகு போச்சு. உன் கையப் பாரு, காய்ச்சுக் கெடக்கு. இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம். நான் வரல."

மறுநாள் நான் தலைமைப் பொறியாளரின் அறைக்குச் சென்றேன். நூலைத் திறந்து காட்டினேன். தொடுப்பு, கதவு, பன்னிரண்டு நிமிடம் அனைத்தையும் விளக்கினேன். அவர் பொறுமையுடன் கேட்டார்.

"நல்லா படிச்சிருக்கீங்க. ஆனா அனுமதி குடுத்தா, பழுது இருக்குன்னு நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல?"

"ஒருத்தங்க செத்துப் போயிருக்காங்க சார். படி ஏற முடியாம."

"வருத்தமான விஷயம்தான்." அவர் சற்று யோசித்தார். "ஆனா புள்ளிவிவரமா பாருங்க. நாலாவது மாடிக்குப் போறவங்க குறைஞ்சுக்கிட்டே வராங்க. தேவை குறையுதுன்னா, லிப்ட் மேல இருக்கற சுமை குறையுதுன்னு அர்த்தம். இது நல்ல அறிகுறி."

நான் எழுந்து நின்றேன். அதை இசைவு என்று அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆய்வுக் குழு ஒன்றையும் உடனே அமைத்தார். குழு மூன்று முறை கூடியது. உறுப்பினர்கள் வயதில் மூத்தவர்கள் ஆதலால், மூன்றாம் தளக் கதவைப் பார்வையிட அவர்கள் மின்தூக்கியிலேயே செல்ல வேண்டும் என்றும், மின்தூக்கி இயங்கத் தொடங்கியவுடன் ஆய்வு நடைபெறும் என்றும் தீர்மானம் நிறைவேறியது.

இதற்கிடையே வாரியத்துக்கு விருது அறிவிக்கப்பட்டது. பதிவேட்டு முறை நடைமுறைக்கு வந்து முந்நூறு நாட்கள் ஆகியிருந்தன. எந்த மின்தூக்கியிலும் பழுது பதிவாகவில்லை. அவற்றுள் மிகக் குறைவாகத் தேய்மானம் அடைந்தது மருத்துவமனை மின்தூக்கி என்று கண்டறியப்பட்டது. ஆகவே விழாவை அதன் வாசலிலேயே நடத்த முடிவாயிற்று.

அக்டோபர் பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை, நாங்கள் அப்பாவைத் தூக்கிச் செல்லும் முப்பத்தொன்பதாவது நாள். கெஞ்சி, திட்டி, அக்காவை அழ வைத்து அவரை அழைத்து வந்திருந்தோம். பதினொன்றரை மணிக்குக் கீழ்த்தளத்தை அடைந்தபோது, படிக்கட்டின் அடியை மறித்து மேடை போடப்பட்டிருந்தது. மேடைக்கும் சுவருக்கும் இடையே ஒரு மனிதர் பக்கவாட்டில் நுழையலாம், நாற்காலி நுழையாது. மின்தூக்கியின் கதவுக்குக் குறுக்கே சிவப்பு நாடா கட்டியிருந்தது. மேலே பதாகை: "முந்நூறு நாட்கள். பழுது: இல்லை."

கண்காணிப்பாளர் விரைந்து வந்தார். "அம்மா, அந்த நாற்காலியக் கொஞ்சம் ஓரமா தள்ளுங்க. போட்டோவுல விழுது."

"சார், பன்னெண்டு மணிக்கு அவர் மேல இருக்கணும்."

"ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். ரெண்டு பேச்சுதான்."

அப்பா என்னைப் பார்த்தார். கேலிக்கு அவர் வாய் திறக்கவில்லை. அதுவே என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

"அத்தான், உங்க மெஷின் திருப்புளி இருக்கா?"

தையல் இயந்திரத்தின் சிறிய திருப்புளி எப்போதும் அவருடைய சட்டைப் பையில் இருக்கும். ஏன், எதற்கு என்று கேளாமல் எடுத்துக் கொடுத்தார். நான் லிப்ட்மேனின் அருகில் சென்று குனிந்தேன்.

"அண்ணே, மேல மெஷின் ரூமுக்கு வரீங்களா? பிரேக்கை ஒரு ஆள் பிடிக்கணும்."

அவர் பதாகையைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார், சாவிக் கொத்தை ஒலிக்காமல் கையில் மடக்கிக்கொண்டார். "எண்பத்தெட்டு நாளா உக்காந்தே இருக்கேன்மா. வாங்க."

இருவரும் மேடையின் ஓரமாக நுழைந்து, நான்காம் தளத்தையும் கடந்து, மேலும் பதினெட்டுப் படிகள் ஏறினோம். நூல் கூறிய வரிசையிலேயே அனைத்தையும் செய்தேன். முதன்மைச் சுவிட்சை அணைத்தேன். லிப்ட்மேன் பிரேக்கின் நெம்புகோலை அழுத்திப் பிடிக்க, நான் கைச்சக்கரத்தைச் சுற்றினேன். கூண்டு ஓர் எருமையைப்போல் முனகிவிட்டு நகர்ந்தது. இரண்டாம் தளத்தின் மட்டத்தில் நிறுத்தி, இறங்கிச் சென்று, லிப்ட்மேனின் முக்கோணச் சாவியால் கதவைத் திறந்தோம். தகரப் பையில் பதிவேடு இருந்தது. அதன் எல்லாப் பக்கங்களும் வெறுமையாக இருந்தன.

மூன்றாம் தளக் கதவின் தொடுப்பு நூலில் இருந்த படத்தைப்போலவே வளைந்திருந்தது. அதை நிமிர்த்தி, திருகை முடுக்கினேன். பன்னிரண்டு நிமிடம் என்று நூல் கூறியிருந்தது; எனக்குப் பத்தொன்பது ஆயிற்று. மீண்டும் மேலேறிச் சுவிட்சைப் போட்டேன். இறங்கி வந்து கூண்டுக்குள் நின்று, விதிப்படி பதிவேட்டில் எழுதி, விதிப்படி பையிலேயே வைத்துவிட்டு, கீழ்த்தளத்தின் பொத்தானை அழுத்தினேன்.

கீழே தலைமைப் பொறியாளர் மேசையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். "இந்த லிப்ட் இந்த முந்நூறு நாள்ல ஒரு தடவைகூட..."

மணி ஒலித்தது. அவருக்குப் பின்னால் கதவு திறந்தது. சிவப்பு நாடாவுக்கு உட்புறம் நானும் லிப்ட்மேனும் நின்றிருந்தோம்.

கூட்டம் கைதட்டியது. இது நிகழ்ச்சி நிரலில் உள்ளது என்று எண்ணித் தலைமைப் பொறியாளரும் கைதட்டினார். அத்தான் நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தார், தையல்காரர்களின் வழக்கம். அப்பாவின் நாற்காலி உள்ளே வந்தது. நான்காம் தளத்தை அடைய முப்பத்தெட்டு வினாடிகள் ஆயின. அப்பா வழியெங்கும் கூண்டின் கூரையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"டீச்சர் இருந்திருந்தா நிமிஷக் கணக்குச் சொல்லியிருப்பாங்க" என்றார்.

விழா முடிந்த பின்னரே கண்காணிப்பாளர் கூண்டுக்குள் சென்று பதிவேட்டைப் பிரித்தார். நான் எழுதியிருந்தது இவ்வளவே: ஜூலை பதினான்கு முதல் அக்டோபர் பத்து வரை பழுது. மூன்றாம் தளக் கதவின் தொடுப்பு வளைந்திருந்தது, நிமிர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் படியேற இயலாமல் சிகிச்சையைக் கைவிட்ட ஒருவர் இறந்தார்.

மூன்று மணிக்கு என்னை மருத்துவமனையின் ஓர் அறைக்கு அழைத்தனர். விருதுக் கோப்பை மேசையின் நடுவில் இருந்தது.

"முந்நூறு நாளா வாரியத்துல ஒரு பழுதும் இல்ல" என்றார் தலைமைப் பொறியாளர். "முதல் பழுது உங்க கையெழுத்துல வந்திருக்கு. அப்ப பழுதுக்குக் காரணம் யாரு?"

"தொடுப்பு சார்."

"நீங்க இன்னைக்கோட போகலாம். ஆர்டர் திங்கட்கிழமை வரும்." பின்னர் அவருடைய குரல் தணிந்தது. "போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன உதவி. அது இருந்த எடத்துலயே, ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல, கொண்டுபோய் நிறுத்திடுங்க. பதிவேடு உள்ளயே இருக்கட்டும். யாரும் படிக்கப் போறதில்ல."

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் கூச்சப்படவில்லை.

"எனக்கு எப்படி சார் தெரியும்?" என்றேன். "நான் ஹிஸ்டரி."

கண்காணிப்பாளர் ஏழு மெக்கானிக்குகளுக்கும் தொலைபேசியில் பேசினார். கருவியைத் தொட்டால் பதவி இறங்கிவிடும் என்று எழுவரும் வருத்தம் தெரிவித்தனர். இறுதியில் முதன்மைச் சுவிட்சை அணைத்தாலே போதும் என்று தலைமைப் பொறியாளர் முடிவு செய்தார். சுவிட்ச் உச்சியில் இருந்தது. ஆகவே அவரும் கண்காணிப்பாளரும், அம்மின்தூக்கியை நிறுத்துவதற்காக, அம்மின்தூக்கியிலேயே ஏறி நான்காம் தளத்துக்குச் சென்றனர். லிப்ட்மேன் அவர்களுக்கு எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டார். நான் படிகளில் ஏறிச் சென்றேன்.

சிகிச்சை முடிந்து, அப்பாவின் நாற்காலியை அத்தான் மின்தூக்கியின் வாசலுக்குத் தள்ளி வந்தபோது, கதவின் மேலிருந்த விளக்கு அணைந்தது. சற்று நேரத்தில் இரு அதிகாரிகளும் பதினெட்டுப் படிகளை இறங்கி வந்து, மூடிய கதவின் முன் நின்றனர். தலைமைப் பொறியாளர் வழக்கத்தின் காரணமாகப் பொத்தானை அழுத்தினார். மறுமுறையும் அழுத்தினார்.

"ஓடாது சார்" என்றார் அப்பா. "நீங்கதான அணைச்சீங்க."

இருவரும் படிக்கட்டை நோக்கி நடந்தனர்.

"எண்ணிக்கிட்டே எறங்குங்க" என்று அப்பா பின்னாலிருந்து கூறினார். "வலி தெரியாது."

அவர்கள் முதல் திருப்பத்தில் மறைந்ததும் நான் பதினெட்டுப் படிகளை ஏறினேன். சுவிட்சைப் போட்டேன். இறங்கி வந்தேன். விளக்கு எரிந்தது. முப்பத்தெட்டு வினாடிகளில் நாங்கள் கீழ்த்தளத்தை அடைந்தோம். மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தனர். லிப்ட்மேன் முக்காலியைக் கூண்டுக்குள் எடுத்துப் போட்டு அமர்ந்தார். "மறுபடி நிறுத்தட்டும்" என்றார். "நானும் மறுபடி ஏறத்தான் போறேன். எனக்கு வழி தெரிஞ்சுபோச்சு."

அப்பா தம்முடைய நாற்காலியைப் படிக்கட்டின் எதிரே நிறுத்தச் சொன்னார். வீட்டுக்குப் போகலாம் என்று அத்தான் கூறியும் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்துக் கண்காணிப்பாளரின் காலணிகள் தெரிந்தன. அவர் தோளைப் பற்றிக்கொண்டு, சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, தலைமைப் பொறியாளர் கடைசிப் படியிலிருந்து தரையில் கால் வைத்தார். கைப்பிடிச் சுவரை விடாமல் மூச்சு வாங்கினார்.

"எத்தனை சார்?" என்று அப்பா கேட்டார்.

தலைமைப் பொறியாளர் எங்கள் மூவரையும் பார்த்தார். பின்னர் திறந்திருந்த மின்தூக்கியையும், அதனுள் தகரப் பையில் தெரிந்த பதிவேட்டையும் பார்த்தார்.

"எண்பத்தெட்டு" என்றார்.

என் அடையாள அட்டையைக் கழற்றி அவருடைய கையில் கொடுத்தேன். அப்போது மாலை நான்கு மணி இருபத்தாறு நிமிடம்.